எத்தனை எம்.எம். வேண்டும் புலிக்கு?

புலி பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் ஒரே கவலைதான்: புலி கண்ணில் படுமா? இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது: பட்டால் நம் லென்ஸ் போதுமா? கான்ஹாவுக்கோ ரந்தம்போருக்கோ மாதக்கணக்கில் முன்கூட்டியே ஜீப்பில் இடம் பதிவு செய்தவர்கள், பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காமிராக் கடைக்குள் நுழைகிறார்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.எம். பார்க்கறீங்க சார்?" வாடிக்கையாளருக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று: "எவ்வளவு பெரிசு இருக்கோ அவ்வளவு."

அந்தப் பதிலின் விலை சுமார் ஒரு லட்சம் ரூபாய். சில சமயம் அதற்கு இரண்டு மடங்கு.

மூன்று நாள் சபாரிக்காக இவ்வளவு பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடையை விட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்துக்கொண்டே யோசிக்க வேண்டிய விஷயங்கள் நான்கு. எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள்? எந்த நேரத்தில் படமெடுக்கப் போகிறீர்கள்? எந்த வண்டியில் உட்காரப் போகிறீர்கள்? மிருகம் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இந்த நான்காவது கேள்விக்கு அரசாங்கமே பாதி பதிலைச் சொல்லியிருக்கிறது.

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் புதிய வழிகாட்டு விதிகளை அறிவித்த பிறகுதான் தடை விலகியது. அந்த விதிகளில் ஒன்று: சுற்றுலா வாகனங்கள் எந்தக் காட்டு விலங்கிடமிருந்தும் 20 மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும். மிருகத்தைச் சூழ்ந்து நிற்கவோ, தீனி காட்டி அழைக்கவோ கூடாது. லென்ஸ் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான். இருபது மீட்டரில் தொடங்கிக் கணக்குப் போட்டால் பல குழப்பங்கள் தாமாகத் தீர்ந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

எம்.எம். என்பது குவியத் தொலைவு. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கலாம். கடையில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. எண் கூடக் கூட, லென்ஸ் பார்க்கும் பரப்பு குறுகிக்கொண்டே போகும். டெலிபோட்டோ லென்ஸ் மிருகத்தை அருகில் இழுத்து வருவதாகப் பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது செய்யும் காரியம், காட்சியில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் படம் முழுக்க நிரப்புவது.

எவ்வளவு பெரிய துண்டு என்பதை ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் சொல்லிவிடும். ஃபுல் பிரேம் எனப்படும் காமிராக்களில் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எம்.எம். எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலமான காட்சி அடங்கும் என்பது கிடைக்கும். இருபது மீட்டர் தூரத்தில் 200 எம்.எம். லென்ஸுக்கு 3.6 மீட்டர், 300க்கு 2.4 மீட்டர், 400க்கு 1.8 மீட்டர், 600க்கு 1.2 மீட்டர்.

வளர்ந்த புலியின் தலையும் உடலும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர். வால் இன்னொரு மீட்டர். ஆக, விதிப்படி இருபது மீட்டரில் நிற்கும் ஜீப்பிலிருந்து, குறுக்கே நடந்து போகும் புலியை வாலோடு எடுக்க 200 எம்.எம். போதும். வால் வேண்டாம் என்றால் 300. நானூறில் மூக்கோ பின்னங்காலோ வெட்டுப்பட ஆரம்பிக்கும். அறுநூறில் கிடைப்பது தலையும் தோளும் மட்டும். ஒரு லட்சம் ரூபாய் லென்ஸைத் தூக்கிக்கொண்டு போய், "புலி ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, எடுக்க முடியவில்லை" என்று புலம்புகிறவர்கள் எல்லாச் சுற்றுலா விடுதிகளின் சாப்பாட்டுக் கூடத்திலும் உண்டு.

உங்களிடம் உள்ளது ஃபுல் பிரேம் காமிரா இல்லையென்றால் கணக்கு இன்னும் சாதகம். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி. என்ற சிறிய சென்சார் கொண்ட காமிரா. நிக்கான், சோனி, ஃபியூஜி காமிராக்களில் இதன் மடங்கு 1.5, கேனனில் 1.6. அதாவது, 300 எம்.எம். லென்ஸை இவற்றில் மாட்டினால் 450 அல்லது 480 எம்.எம். லென்ஸ் காட்டுகிற துண்டைக் காட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற இன்னும் சிறிய ரகத்தில் மடங்கு இரண்டு. ஏற்கெனவே வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் 70-300 லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டினாலே பல பேருக்குப் புலிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிறகு 600 எம்.எம். யாருக்கு? பறவை பார்ப்பவர்களுக்கு. வெண்மார்பு மீன்கொத்தி ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல், சுமார் 28 சென்டிமீட்டர். இருபது மீட்டரில் 600 எம்.எம். லென்ஸிலும் அது படத்தின் அகலத்தில் கால் பங்கைத் தொடாது. தேன்சிட்டு இன்னும் மோசம்: பன்னிரண்டில் ஒரு பங்கு. பறவை விஷயத்தில் எந்த லென்ஸும் போதாது என்ற கசப்பான உண்மையைப் பறவைக்காரர்கள் ஏற்றுக்கொண்டு வெகு காலமாகிறது.

காட்டுக்குக் காடு வேறு

இருபது மீட்டர் என்பது குறைந்தபட்சத் தூரம். மிருகம் அங்கேதான் வந்து நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது காட்டின் அமைப்பு.

பாந்தவ்கரிலும் தடோபாவிலும் மூங்கில் புதர்களுக்கு நடுவே பாதை போகிறது. பார்வை அதிக தூரம் போகாது. புலி தெரிந்தால் பெரும்பாலும் கிட்டத்தில்தான் தெரியும். 100-400 அங்கே ராஜா. கான்ஹாவில் சால மரக் காடும் உண்டு, பரந்த புல்வெளிகளும் உண்டு. பாராசிங்கா மான்கள் புல்வெளியின் நடுவே நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். நூறு மீட்டரில் 400 எம்.எம். ஒன்பது மீட்டர் அகலக் காட்சியைக் காட்டும், 600 எம்.எம். ஆறு மீட்டர். மானைப் பெரிதாக எடுக்க நினைப்பவர் அங்கே நீளமான லென்ஸுக்கு ஏங்குவது நியாயம். குஜராத்தில் வெளிமான்களுக்குப் பேர்போன வேளாவதரும் இந்த ரகம். மரமே இல்லாத சமவெளி. வெளிமானோ எட்டத்தில் இருக்கும்போதே தாவி ஓடிவிடும்.

காசிரங்காவின் கதை தனி. யானைப் புல் உயர்ந்து நிற்கும்போது பத்தடிக்கு அப்பால் நிற்கும் காண்டாமிருகம் தெரியாது. புல் எரிக்கப்பட்ட பிறகு நீர்நிலைக்கு அக்கரையில் நிற்பதும் தெரியும். காண்டாமிருகம் புலியைவிட நீளம், உயரம், பருமன். நானூறே தாராளம். முதுமலையிலும் பந்திப்பூரிலும் யானைக் கூட்டம் சாலையோரமே நிற்கும்போது 400 எம்.எம். லென்ஸ் காட்டுவது ஒரு காதையும் அரைக் கண்ணையும்தான். அங்கே 70-200, 70-300 போன்றவைதான் உதவும். கபினியில் படகுச் சவாரியும் உண்டு. கரையில் யானை, பட்டுப்போன மரத்தின் உச்சியில் மீன்பிடிக் கழுகு, இரண்டையும் ஒரே மணி நேரத்தில் எடுக்க வேண்டிவரும். பரத்பூரில் சைக்கிள் ரிக்ஷாவில் உட்கார்ந்து பறவை பார்ப்பவருக்கு மட்டும் 600 எம்.எம். ஆடம்பரம் அல்ல.

கர்நாடகத்தின் சில காப்பகங்களில் லென்ஸின் நீளத்தைப் பொறுத்துக் காமிராக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.எம். கூடினால் கட்டணமும் கூடும்.

வெளிச்சம்தான் விலை

புலி சோம்பேறி மிருகம். வெயில் ஏறினால் படுத்துவிடும். அதனால்தான் சபாரி வண்டிகள் விடியற்காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் உள்ளே போகின்றன. புலி நடமாடும் நேரமெல்லாம் சூரியன் அடிவானத்தில் இருக்கும் நேரம். அதுவும் மரங்களுக்குக் கீழே. எண்களில் மயங்கிக் கிடக்கும் வாடிக்கையாளர் கவனிக்கத் தவறுவது இந்த இடம்தான்.

லென்ஸின் மீது எம்.எம். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் பொறித்திருக்கும்: 2.8, அல்லது 4, அல்லது 5.6-6.3. லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதற்கான குறி இது. எண் சிறிதானால் துவாரம் பெரிது. 2.8இல் வரும் வெளிச்சத்தில் பாதிதான் 4இல் வரும். கால் பங்குதான் 5.6இல், 6.3இல் ஐந்தில் ஒரு பங்கு. நீளமாகவும் இருக்க வேண்டும், அகலமாகவும் திறக்க வேண்டும் என்றால் லென்ஸ் பீரங்கி மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பறவைத் திருவிழாவிலும் யாராவது ஒருவர் முக்காலியில் பொருத்தி வைத்திருக்கும் 600 எம்.எம். எஃப் 4 லென்ஸின் விலை பத்து லட்சத்தைத் தாண்டும். நமக்குக் கிடைக்கும் விலையில் வருபவை 5.6, 6.3 ரகங்கள்.

நடக்கும் புலியைக் கலங்காமல் எடுக்க ஷட்டர் வேகம் வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. ஓடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பறக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 2.8 லென்ஸில் இந்த வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1600 தேவைப்படும் வெளிச்சத்தில், 5.6 லென்ஸுக்கு 6400 தேவைப்படும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு சேரும். பிலிம் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. இன்றைய சென்சார்கள் 6400ஐ மிரளாமல் தாங்குகின்றன; மிச்ச அழுக்கைக் கம்ப்யூட்டரில் வழித்தெடுக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆகவே 5.6, 6.3 லென்ஸ்களை முன்னைப் போல் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விடியலின் முதல் அரை மணி நேரம் இன்னமும் அகலத் துவார லென்ஸ்களுக்கே சொந்தம்.

லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு இதற்குப் பரிகாரம் என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. காமிராவுக்கான லென்ஸ்களில் கேனன் இதை 1995இல் ஒரு 75-300 ஜூமில் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா டெலிபோட்டோ ஜூம்களிலும் இருக்கிறது. இது உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். புலி நடப்பதை நிறுத்தாது. ஜீப் இன்ஜின் ஓடும்போது வரும் அதிர்வையும் முழுதாகப் போக்காது. டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்வது இலவசமான நடுக்கத் தடுப்பு.

ஜூம் எதற்கு?

ஒரே நீளமுள்ள லென்ஸ்கள் ஜூம்களைவிடத் துல்லியமானவை என்பது பழைய வேதவாக்கு. ஸ்டூடியோவிலும் கல்யாண மண்டபத்திலும் புகைப்படக்காரர் இரண்டடி முன்னே போகலாம், பின்னே வரலாம். சபாரியில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஜிப்ஸியில் ஆறு பயணிகள், ஒரு வழிகாட்டி, ஒரு டிரைவர். உங்களுக்கு ஒதுக்கப்பட்டது முக்கால் அடி இருக்கையும் ஒரு கம்பியும். அங்கே முன்னும் பின்னும் போகும் கால்களாக இருப்பது லென்ஸின் சுழல் வளையம் மட்டுமே. எண்பது மீட்டரில் தெரிந்த புலி நேராக உங்களை நோக்கி நடந்து வந்தால், ஒரு நிமிஷத்துக்குள் 400இலிருந்து 100க்கு வந்தாக வேண்டும். நடுவில் லென்ஸை மாற்றலாம் என்று நினைப்பவர்கள் மத்திய இந்தியாவின் மே மாதப் புழுதியைப் பார்த்ததில்லை. லென்ஸைக் கழற்றிய இரண்டு நொடியில் சென்சார் மீது சிவப்புப் பவுடர் படிந்துவிடும்.

பெட்டிக்குள் முடங்கும் ஜூம், வெளியே நீளும் ஜூம் என்று இரண்டு வகை உண்டு. சோனியின் 200-600உம் (2019), நிக்கானின் 180-600உம் (2023) சுழற்றும்போது நீளம் மாறாதவை. புழுதி உள்ளே போகும் வாய்ப்பு குறைவு. சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 லென்ஸ்களும், பெரும்பாலான 100-400களும் தும்பிக்கை மாதிரி நீள்பவை. விலை மலிவு, பையில் வைக்கச் சுலபம். ஆனால் சபாரி முடிந்ததும் துடைக்கிற வேலை அதிகம்.

எடையை மறக்க வேண்டாம். 150-600, 200-600 ரகங்கள் எல்லாம் இரண்டு கிலோவை ஒட்டியவை. காமிராவும் சேர்ந்தால் மூன்று. மூன்றரை மணி நேரச் சவாரியில் இதைத் தூக்கிப் பிடிப்பது தேகப்பயிற்சிக் கணக்கில் வரும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு ஏழு கிலோ. பேட்டரிகளையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால் சட்டை துணிமணிக்கு அதில் இடமிருக்காது. கேனனின் ஆர்.எஃப். 100-400 மாதிரியான எளிய ஜூம்களின் எடை ஒரு கிலோவுக்கும் கணிசமாகக் குறைவு. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தோள்பட்டை தப்பிக்கும்.

ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. அதற்குப் பதில் தைத்த துணிப்பை ஒன்று போதும். வீட்டிலிருந்து காலியாகக் கொண்டுபோய், காட்டு வாசலில் உள்ள மளிகைக் கடையில் இரண்டு கிலோ அரிசியோ ராஜ்மாவோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜீப்பின் கம்பி மீது வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் கை ஓய்வெடுக்கும், படம் நிற்கும். ஊர் திரும்பும் நாளில் அரிசியை விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.

கடையில் கவனிக்க

எண் மோகத்தை வைத்துப் பிழைக்கும் சரக்குகள் சில உண்டு. லென்ஸ் மாற்ற முடியாத சூப்பர் ஜூம் காமிராக்கள் 2000 எம்.எம்., 3000 எம்.எம். என்று அட்டையில் அச்சிட்டு வருகின்றன. நிக்கானின் பி900 (2015), பி1000 (2018) இந்த வம்சம். பொய்யில்லை; நிலாவின் பள்ளங்களைக்கூட அவை காட்டும். ஆனால் அவற்றின் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. நடுப்பகலில் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையை அழகாக எடுக்கும். விடியலில் நடக்கும் புலியை எடுத்தால் படம் உருகிய மெழுகு மாதிரி வரும். கோடையில் தூரத்துக் காட்சியை எடுத்தால் இன்னொரு சங்கடம்: தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் காட்சியே ஆடும். அந்த ஆட்டத்தை எந்த லென்ஸாலும் நிறுத்த முடியாது. எம்.எம். கூடினால் ஆட்டமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

டெலிகன்வர்ட்டர் என்ற சிறு குழாயை மாட்டினால் 400 எம்.எம். 560 ஆகும் என்பார்கள். ஆகும். ஆனால் 1.4 மடங்கு நீளத்துக்கு வெளிச்சத்தில் பாதியும், இரண்டு மடங்கு நீளத்துக்கு முக்கால்வாசியும் பறிபோகும். 2.8 லென்ஸ் வைத்திருப்பவர் அதைத் தாங்குவார். 6.3 லென்ஸ் வைத்திருப்பவர் இருட்டில் தடவுவார்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? வருஷத்துக்கு ஒரு சபாரி, மிச்ச நாள் குழந்தைகளின் பிறந்தநாள் என்று இருப்பவருக்கு வாடகைதான் லாபம். பெங்களூர், சென்னை, மும்பை, டெல்லி மாதிரியான நகரங்களில் நாள் கணக்கில் லென்ஸ் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாங்கும்போதே முன் கண்ணாடியில் கீறல், உள்ளே பூஞ்சை, வளையத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய லென்ஸ் வாங்குபவருக்கும் இதே விதி. நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் ஓர் ஆண்டு பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போட்டிருக்கும்.

எதுவானாலும், கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பாவது லென்ஸ் கையில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்க் காக்கையை எடுத்துப் பழகுங்கள். காக்கையை லேசாக நினைக்க வேண்டாம். கரிய உடல், வெளுத்த வானம், கணிக்க முடியாத வேகம். அந்தி நேரத்தில் பறக்கும் காக்கையைக் கண் தெளிவாகத் தெரிய எடுத்துவிட்டால் புலி ஒன்றும் பெரிய விஷயமல்ல.

கிட்டே போகும் ஆசை

இத்தனை கணக்கும் ஒரு காரியத்துக்காகத்தான். லென்ஸ் போதாது என்று தோன்றும் நொடியில், ஜீப்பில் இருப்பவர் செய்வது ஒன்றுண்டு. டிரைவரின் தோளைத் தட்டி, "பையா, தோடா ஔர் ஆகே" என்பார். இன்னும் கொஞ்சம் முன்னால். டிரைவருக்கு விதி தெரியும். சவாரி முடிந்து கிடைக்கப்போகும் அன்பளிப்பும் நினைவில் இருக்கும். அவர் பத்தடி நகர்த்துவார். பின்னால் நிற்கும் வண்டியில் இருப்பவருக்கு இப்போது புலி மறைந்துவிடும். அவரும் தன் டிரைவரின் தோளைத் தட்டுவார். ஐந்து நிமிஷத்தில் புலிக்கு முன்னும் பின்னும் ஜீப்புகள். பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போக வந்த மிருகம் திரும்பிப் புதருக்குள் போய்விடும். பின்னால் குட்டிகள் வந்துகொண்டிருந்தால் அவையும் போய்விடும். விசாரணை வந்தால், சில நாளோ சில மாதமோ காட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படுவது டிரைவருக்கும் வழிகாட்டிக்கும். தோளைத் தட்டியவர் ஊர் திரும்பிப் படங்களை நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

மிருகத்தைத் தொந்தரவு செய்யாமல் படமெடுப்பது நம் நாட்டில் புதுச் சங்கதி அல்ல. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யு. சாம்பியன் 1920களில், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். ஆளே அருகில் இருக்க வேண்டியதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டில் நடந்தும், பழக்கிய யானை மீது அமர்ந்தும் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை இன்றும் பார்க்கலாம். பல உதிரிகளை ஒட்டவைத்துத் தானே உருவாக்கிய காமிராவுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. அவருடைய யானை நிற்கும் இடத்தில் மூங்கிலும் புல்லும் மண்ணும் சேர்ந்தே நிற்கின்றன. படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த மாதிரிக் காடு, எந்தப் பருவம், கூட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் தெரிகிறது. படம் முழுக்கப் புலியின் முகத்தை நிரப்பும் இன்றைய மோஸ்தரில் இந்தத் தகவல்கள் எதுவும் இல்லை. மிருகக்காட்சிசாலையிலும் அதே முகம்தான் கிடைக்கும்.

ஆகவே என் சிபாரிசு எளிமையானது. முதல் சபாரி, பெரிய மிருகங்களே முக்கியம் என்பவர்கள் கையில் உள்ள ஏ.பி.எஸ்.-சி. காமிராவோடு 70-300ஐ எடுத்துப் போகலாம். ஃபுல் பிரேம் வைத்திருப்பவர்கள் 100-400 அல்லது கேனனின் 100-500. பறவையும் வேண்டும், கான்ஹா புல்வெளியும் வேளாவதரும் வேண்டும் என்பவர்கள் 150-600, 200-600 ரகத்தை வாடகைக்கு எடுத்து, பிடித்திருந்தால் பிறகு வாங்கலாம். அதோடு எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றும் வேண்டும். காமிரா ஒருவர் கையில்தான் இருக்கும். பைனாகுலர் ஜீப்பில் உள்ள ஆறு பேருக்கும் கைமாறும்.

புலி வந்தால் முதல் பத்துப் படத்தை எடுத்துவிட்டுக் காமிராவைக் கீழே வையுங்கள். அது எந்தப் பக்கம் காதைத் திருப்புகிறது, எங்கே முகர்கிறது, எதற்காக நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு எம்.எம். தேவையில்லை. லென்ஸ் எட்டாத தூரத்தில் அது படுத்திருந்தால், படுத்திருக்கட்டும். டிரைவரின் தோளைத் தட்டாமல் இருந்தால் போதும்.